அடுத்த முறை மைக் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்கு, ஒரு மெடிக்கல் கடைக்காரன் எழுதுவது

மதிப்புக்குரிய அமைச்சர்களே, செயலாளர்களே, டீன்களே, டிவி விவாதங்களுக்கு வரும் டாக்டர்களே,

வணக்கம். பல்லடம் பக்கம் மெயின் ரோட்டில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் என்கிற மருந்தாளுநர் டிப்ளமா படித்தவன், அவ்வளவுதான். கொரோனா பரவிய 2020, 2021 இரண்டு வருஷமும் நீங்கள் மாலையில் மைக் முன்னால் சொன்னது மறுநாள் காலை என் கவுண்டருக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்று நின்று பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அடுத்த தொற்று வரும்போது இதையெல்லாம் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, எனக்கும் எழுத நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஏறக்குறைய எல்லாரும் பேட்டியை "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்றுதான் முடித்தீர்கள். கடைக்கு வந்து "ஏனுங்க தம்பி, கறிக்கோழி தின்னா கொரோனா வருமாமே?" என்று கேட்ட அம்மாவிடம் நானும் அதையே சொன்னேன். அவர் விடவில்லை. "வராதுங்களா? அது எப்படித் தெரியும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன், நீங்கள் வெளியிட்ட எந்தக் குறிப்பிலும் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. கோழி பாதுகாப்பானது, முட்டை சத்தானது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடவும். சரி, எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் கறிக்கோழி வட்டாரம் என்பது உங்களுக்குத் தெரியும். பல்லடத்தில் விலை சொன்னால்தான் பல ஊர்களில் தராசு ஆடும். 2020 பிப்ரவரியில் யாரோ ஒருவர் புண் பிடித்த கோழியின் படத்தைப் போட்டு 'கொரோனா கோழி' என்று வாட்சப்பில் அனுப்ப, மார்ச்சுக்குள் பண்ணைக்காரர்கள் தீவனச் செலவுகூடத் தேறாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது பிப்ரவரி 28 அன்று ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடை ஏறி, எல்லார் முன்னாலும் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இதே மாதிரி ஒரு படம் 1990 மே மாதத்தில் இங்கிலாந்திலும் எடுக்கப்பட்டது. பைத்திய மாட்டு நோய் பரவிய நேரம், அந்நாட்டு வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் தன் 4 வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார், ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக. 1996 மார்ச்சில் அந்த நாட்டு அரசே அந்த நோய் இறைச்சி வழியாக மனிதருக்கு வந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஹைதராபாத் அமைச்சர்கள் சொன்னது சரி, கம்மர் சொன்னது தப்பு, ஆனால் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது சரி எது தப்பு என்று உங்களால்கூடச் சொல்ல முடியாது. சாப்பிட்டுக் காட்டுவது சாட்சி ஆகாது. அதைப் பார்த்து நம்பியவர் நாளைக்கு இன்னொரு தப்பான ஆள் சாப்பிட்டுக் காட்டினாலும் நம்புவார்.

சாட்சி என்று ஒன்று பின்னால் வந்தது. சீனாவிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் கோழிக்கு வேண்டுமென்றே அந்த வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள், கோழி உடம்பில் அது வளரவே இல்லை. ஏப்ரலிலேயே இந்தச் செய்தி வந்துவிட்டது. எனக்கு அது தெரிந்தது ஒரு வருஷம் கழித்து. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஊரெல்லாம் சொல்லியிருப்பேனே" என்றார். வியாபாரி என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அது அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தது. "நம்ப வேண்டாம்" என்பதை யாரும் யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய மாட்டார்கள்.

அப்புறம் அந்தச் சுரங்கம். 2020 ஏப்ரல் 1, திருப்பூர் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தார்கள், இந்தியாவிலேயே முதல் என்று பேப்பரில் வந்தது. ஹோல்சேலில் சரக்கு எடுக்கப் போன நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதற்குள் நடந்து போய், வெளியே வந்து போட்டோவும் எடுத்துக்கொண்டேன். டி.பார்ம் படித்தவன்! மூச்சுக்குழாயில் இருக்கிற வைரஸை சட்டை மேல் மருந்தடித்து எப்படிக் கொல்வது என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, ஏனென்றால் அரசாங்கமே வைத்திருக்கிறது, யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், ஆட்கள் மேல் இப்படித் தெளிக்கக் கூடாது, கெடுதல் என்று அறிவுரை வெளியிட்டது. சுரங்கங்களைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். வைத்த நாளன்று இருந்த கேமரா கழற்றிய நாளன்று இல்லை. விளைவு என்னவென்றால், அதற்குப் பிறகும் மாசக்கணக்கில் என் கடைக்கு வந்து ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு கலந்தால் குழந்தைகள் மேல் தெளிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆரம்பித்த செய்திதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மாஸ்க் கதையும் அப்படியே. முதலில் நோய் இல்லாதவர்களுக்குத் தேவையில்லை, பிறகு போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம். கருத்தை மாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும், அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் பரவுகிறது என்று தெரிய வந்தபோது மாற்றாமல் இருந்திருந்தால்தான் தப்பு. ஆனால் நடுவில் என்ன தெரிய வந்தது என்பதை எங்களுக்குச் சொல்லாமல் நேரே அபராதச் சீட்டை நீட்டினீர்கள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று டீக்கடையில் பேசியவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. அவர்கள் கவனித்தது உண்மையைத்தானே.

இதில் உங்களைவிடப் பெரிய இடத்திலேயே சறுக்கல் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று, இந்த நோய் காற்றில் பரவுவது அல்ல என்று அடித்துச் சொல்லி ட்விட்டரில் போட்டது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று எழுதினார்கள். அந்த நிறுவனம் முழுசாக வழிக்கு வர 2021 ஆகிவிட்டது. அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சென்னைக்காரர் சௌம்யா சுவாமிநாதன், 2022 நவம்பரில் பதவியை விட்டுப் போகும்போது, அதை இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒருவர் சொன்னதைப் படித்தபோது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. என் கதையைக் கேளுங்கள். கடை முன்னால் கயிறு கட்டினேன், பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிட்டேன், வாங்கிய ரூபாய் நோட்டை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தேன், கவுண்டரை மணிக்கு ஒரு தரம் துடைத்தேன். ஆனால் கண்ணாடிக் கதவைச் சாத்தி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கடைப் பையனுக்கும் ஒரே வாரத்தில் வந்தது. கதவைத் திறந்து வைக்க ஒரு பைசா செலவில்லை.

இனி மருந்துக்கு வருகிறேன், என் தொழில் அதுதான், என் பங்குத் தப்பும் அதில்தான் இருக்கிறது.

2021 மே மாதம் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரி பகலாக வரிசை நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிகளுக்கே கொடுக்கிறோம் என்றார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன், அப்பா ஆக்சிஜனில் இருக்கிறார், டாக்டர் சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு காரில் கிளம்பிப் போய் ஒன்றரை நாள் அந்த வரிசையில் நின்று வாங்கி வந்தான். அப்பா பிழைத்துவிட்டார். அந்த ஊசிதான் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரே ஒரு ஆளை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ஆனால் அவன் அங்கே நிற்பதற்கு ஆறு மாசம் முன்னாலேயே, 2020 நவம்பரில், அந்த ஊசி உயிரைக் காப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை என்பதை அந்த வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? (2022இல் சில வகை நோயாளிகளுக்குப் பலன் உண்டு என்று அதே நிறுவனம் கருத்தை மாற்றிக்கொண்டது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.) நீங்கள் மைக்கில் சொன்னதெல்லாம் இன்று இத்தனை குப்பிகள் வந்திருக்கின்றன, நாளை இத்தனை வரும் என்பதுதான். தட்டுப்பாடு என்று கேட்டாலே அது அமிர்தமாகிவிடும், இது ரேஷன் கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அதே நேரத்தில் என் அலமாரியில் சில ரூபாய்க்கு ஒரு அட்டை டெக்சாமெத்தசோன் சும்மா கிடந்தது. பழைய, மலிவான ஸ்டீராய்டு. இங்கிலாந்தில் ஆறாயிரத்துச் சொச்சம் நோயாளிகளை எடுத்து, யாருக்கு இந்த மருந்து யாருக்கு இல்லை என்பதை டாக்டர் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து, 2020 ஜூன் 16 அன்று முடிவைச் சொன்னார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜனில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர், அதுதான் ஊருக்கு வரவே இல்லை. ஸ்டீராய்டு கொரோனாவுக்கு நல்லது என்பது மட்டும் வந்தது. காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்சப்பில் வந்த மாத்திரைப் பட்டியலைக் காட்டி "இதுல இருக்கறது எல்லாம் குடுங்க" என்றார்கள், அதில் ஸ்டீராய்டும் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொல்லி ஒருவரிடம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை வந்தது. அந்த 2021 மே மாசக் கடைசியில் கருப்புப் பூஞ்சை என்ற பேர் எல்லார் வாயிலும். சர்க்கரை நோயும் தாறுமாறான ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் வந்தது.

ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு யோக்கியன் இல்லை. விற்றேன். சில நாள் பெட்டி பெட்டியாக விற்றேன். அது அரசாங்க வழிகாட்டுதலிலேயே இருந்தது, பட்டியலில் இருக்கிற மருந்தை நான் எப்படி இல்லை என்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2021 செப்டம்பரில் அதையும் மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று என் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. நான்கூட சரக்குத் தேங்கிய பிறகுதான் கவனித்தேன்.

சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது எதற்கு என்பதை ஒரே ஒரு நாள் மைக்கில் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாநிலத்தில் நோய் என்று பதிவானவர்கள் ஏறக்குறைய 36 லட்சம், இறந்ததாகப் பதிவானவர்கள் 38 ஆயிரம் சொச்சம். அதாவது நூற்றில் 99 பேர் பிழைத்தார்கள். கபசுரக் குடிநீர் குடித்தவர்களும் பிழைத்தார்கள், இஞ்சிக் கஷாயம் குடித்தவர்களும், ஹோமியோபதி உருண்டை சாப்பிட்டவர்களும், ஒன்றுமே சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவர்களும் பிழைத்தார்கள். ஒவ்வொருவரும் தான் குடித்ததுதான் காப்பாற்றியது என்று பத்துப் பேரிடம் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அது. குடித்தவரையும் குடிக்காதவரையும் சீட்டுப் போட்டுப் பிரித்து எண்ணினால் ஒழிய வித்தியாசம் தெரியாது. இதை ஒரு டீச்சர் ஆறாம் வகுப்புக்குச் சொல்லிவிடலாம். நீங்கள் சொன்னது, நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்து பிஸ்கட்டிலிருந்து மெத்தை வரைக்கும் விற்றுவிட்டார்கள். கபசுரப் பொடியில் எனக்கும் நல்ல லாபம், மறைக்க ஒன்றுமில்லை.

தடுப்பூசிக்கு வந்தால் எழுதவே கை கூசுகிறது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டார், தயங்குகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று. 16ஆம் தேதி மாரடைப்பு, 17 அதிகாலை போய்விட்டார். அன்றைக்கு நீங்கள் விளக்கம் சொன்னீர்கள், இதயத்துக்குப் போகும் முக்கியக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று. சொன்னது சரி. சம்பந்தமில்லை என்றுதான் தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அக்டோபரில் சொன்னது. ஆனால் என் கவுண்டரில் அது எடுபடவில்லை, ஏனென்றால் எங்கள் கேள்வி அடைப்பைப் பற்றியதே அல்ல. நேற்றுப் போட்டார், இன்று விழுந்தார், அது எப்படி? அதற்குப் பதில் இதயத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கொரோனாவுக்கு முன்னாலேயே நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆயிரத்தில் 6 பேருக்குச் சற்று மேல் இறந்துகொண்டிருந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு பேர். ஏப்ரலில் ஊசி போட்டது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்களில் இன்னும் கூடுதல். அப்படியானால் ஒரு லட்சம் பேருக்கு வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டிருந்தாலும் மறுநாள் ஒன்றிரண்டு பேர் இறந்திருப்பார்கள். ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்படிச் சில சாவுகள் வரும், அவற்றை இன்னின்ன மாதிரி விசாரிப்போம், முடிவை இன்ன இடத்தில் போடுவோம் என்று. 2017இல் தட்டம்மை ரூபெல்லா ஊசியின்போதே வாட்சப் வதந்தியால் பள்ளிக்கூடங்களில் பெற்றோர் பின்வாங்கி, முகாமை நீட்டிக்க வேண்டி வந்ததே. ஒத்திகை நடந்த நாடகம்தானே இது?

சொல்லாமல் விட்டதற்கு வட்டியும் கட்டியாயிற்று. நூறு சதம் பாதுகாப்பு என்று 2021 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த அன்றே சொன்னார்கள். பாரசிட்டமாலுக்கே நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோவிஷீல்டில் மிக அபூர்வமாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறைகிற சிக்கல் உண்டு. இதை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலில் சொன்னது. நம் மத்திய அமைச்சகமும் மே 17 அன்று சொன்னது. 26 பேர், பத்து லட்சம் டோஸுக்கு 0.61. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத தலைவலி, கால் வீக்கம், ஊசி போட்ட இடத்தைத் தாண்டிச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பட்டியலும் கொடுத்தது. ஒளிக்கவில்லை, எழுத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஊசி போட்ட பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் பட்டியல் தமிழில் ஒட்டியிருக்கவில்லை, நான் தினமும் அந்த வழியாகத்தான் கடைக்கு வருவேன். 2024 ஏப்ரல் கடைசியில் கோவிஷீல்டின் மூல நிறுவனமான ஆஸ்ட்ராஜெனகா லண்டன் கோர்ட்டில் இதை எழுதிக் கொடுத்தது என்று செய்தி வந்ததும், மூன்று வருஷமாக மறைத்ததை இப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள் என்று ஊரே பேசியது. அந்த வாரம் என்னிடம் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று கேட்டவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஊசி போட்டு மூன்று வருஷம் ஆனவர்கள்! நீங்கள் முணுமுணுத்த உண்மை, மூன்று வருஷம் கழித்துப் பொய்யின் வேஷத்தில் திரும்பி வந்தது.

உயிரைக் காப்பாற்றிய ஊசி அது, நானும் என் வீட்டில் எல்லாரும் போட்டுக்கொண்டோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் ஆத்திரம்.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், பல வருஷமாக என் வாடிக்கை. மாசத்துக்கு ஒரு தரம் வந்து முப்பது நாளுக்கான சர்க்கரை மாத்திரை வாங்குவார். 2021 ஜூனில் மகள் இழுத்துக்கொண்டு போய் ஊசி போட வைத்தாள். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் ஒரே ஒரு அட்டை, பத்து நாளுக்கு மட்டும். காசு முடை போல என்று நினைத்து, கணக்கில் எழுதிக்கொள்கிறேன், மொத்தமாக வாங்கிக்குங்க என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். வேண்டாம் தம்பி என்று சிரித்துவிடுவார். அந்த 2021 மே மாதம் ஒரு மெசேஜ் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா, நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூக் மொன்டாக்னியே சொன்னார், ஊசி போட்ட எல்லாரும் இரண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று. அவர் தடுப்பூசியை எதிர்த்துப் பேசியவர்தான், ஆனால் அப்படி அவர் சொல்லவே இல்லை. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அந்த மெசேஜின் மேலே பொய் என்று ஆங்கிலத்தில் சிவப்பு முத்திரை குத்தி வெளியிட்டது. பெரியவருக்கு முத்திரை வந்து சேரவில்லை, மெசேஜ் வந்து சேர்ந்திருந்தது.

2023 ஜூனில் ஒரு நாள் காலை, கடையைத் திறக்கும்போதே வந்து நின்றார். "நேத்தோட ரெண்டு வருசம் முடிஞ்சுதுங்க தம்பி" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். காலண்டரில் குறித்து வைத்திருந்திருக்கிறார், மகளுக்குக்கூடத் தெரியாது. செத்துப் போகிறவன் எதற்கு முப்பது நாள் மாத்திரைக்குக் காசைப் போடணும் என்று இருந்தாராம். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ நம்பாதீங்கம்பே" என்றார்.

மூன்று மாசத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு மெடிக்கல் கடைக்காரன்